ஸ்டுடியோ நேரலையில் இசைக்குழுக்கள் சறுக்கும் இடங்கள்

பிபிசியில் 1992-இல் தொடங்கிய ‘லேட்டர்... வித் ஜூல்ஸ் ஹாலண்ட்’ நிகழ்ச்சியில் எல்லாக் குழுக்களும் ஒரே தளத்தில் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் முடித்ததும் கேமரா அடுத்தவர் பக்கம் திரும்பிவிடும். பார்க்க அழகுதான், வாசிப்பவர்களுக்கோ சோதனை.

பெரிய தவறு, மேடைச் சத்தத்தை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவருவது. கிடார்காரர் தனக்குக் கேட்கவில்லை என்று ஆம்பை (கிடார் ஒலியைப் பெருக்கும் பெட்டியை) ஏற்றுவார். டிரம்ஸ்காரர் ஓங்கி அடிப்பார். பாடகர் மானிட்டரை (தன் குரல் தனக்குக் கேட்க வைத்திருக்கும் ஸ்பீக்கரை) கூட்டச் சொல்வார். கடைசியில் பாடகரின் மைக்கில் குரலோடு சரிக்குச் சரியாக சிம்பலும் (டிரம்ஸின் உலோகத் தட்டு ஓசையும்) விழும். மிக்ஸிங்கில் குரலைத் தூக்கினால் அதுவும் சேர்ந்தே எழும். வீட்டில் கேட்பவருக்குப் போய்ச் சேர்வது மைக்கில் விழுந்தது மட்டும்தான். ஆம்பைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், பாட்டின் ஆவேசம் எங்கும் போய்விடாது.

அடுத்தது சுருதி. சவுண்ட் செக்கில் (நிகழ்ச்சிக்கு முன் நடக்கும் ஒலிச் சோதனையில்) சேர்த்தாயிற்று என்று இருந்துவிடுவார்கள். விளக்குச் சூட்டில் கிடார் கம்பி தளர்ந்து இறங்கும். புல்லாங்குழல் ஊத ஊதச் சூடேறி மேலே போகும். தோல் வாத்தியம் காய்ந்து இறுகும். தனித்தனியாக வாசிக்கும்போது தப்பிவிடலாம், எல்லோரும் கூடி வாசிக்கும்போது அம்பலமாகிவிடும். உங்கள் முறைக்குச் சற்று முன் இன்னொரு தடவை சரிபாருங்கள், பக்கத்துக் குழு பாடிக்கொண்டிருக்கும்போது வேண்டாம்.

கூட்டு வாசிப்பில் இன்னொரு பொறி உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 15 மீட்டர் தள்ளி இருக்கும் டிரம்ஸ் உங்கள் காதுக்கு வர 44 மில்லிநொடி ஆகும். அதைக் கேட்டு வாசித்தால் தாளம் இழுக்கும். ஹெட்ஃபோனில் வருவதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பதிவுசெய்த குரலை நம்பிப் போவதும் ஆபத்து. 2004-இல் அமெரிக்காவின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடகி ஆஷ்லீ சிம்ப்சனுக்கு வேறு பாட்டின் குரல் ஓடி, மைக் வாய்க்கு அருகில் இல்லாதபோதே பாட்டு கேட்டது. அதே ஆண்டு ‘லேட்டர்’ நிகழ்ச்சிக்கு ஒருவர் வர முடியாமல் போக, பாடகி கே.டி. டன்ஸ்டால் கடைசி நேரத்தில் வந்தார். ஒரு கிடார், வாசித்ததை அங்கேயே பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் ஒரு லூப் பெடல், தனி ஆள். அங்கேயே தட்டி, அங்கேயே அடுக்கி, அதன் மேல் பாடினார். பெயர் வாங்கியது அன்றுதான்.

நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் நெளியும், தவிருங்கள். அப்புறம், கடைசி ஸ்வரம் அடங்கும்முன் கேபிளைப் பிடுங்காதீர்கள். அந்த ‘டப்’ ஒலியும் நேரலையில்தான் போகும்.