சிங்கப்பூர் – நியூயார்க்: தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

தம்பி நியூயார்க்குக்குப் புறப்பட்ட வாரம், "அது எவ்வளவு தூரம்டா?" என்று அம்மா கேட்டார். கைப்பேசியில் தேடாமல் கணக்குப் போட்டே சொல்கிறேன் என்று வீறாப்பாக உட்கார்ந்தேன். விடை 5,321 கிலோமீட்டர் என்று வந்தது. இங்கிருந்து சென்னைக்கே 2,900 கிலோமீட்டர் ஆகிறது. அமெரிக்கா அதைப்போல இரண்டு மடங்குகூட இல்லையா? எங்கே சறுக்கினேன் என்பதை முதல் படியிலேயே சொல்லிவிடுகிறேன்.

படி 1: இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் சாங்கி: 1.36, 103.99. நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி: 40.64, மைனஸ் 73.78. அந்த மைனஸைத்தான் நான் விட்டுவிட்டேன். கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கும் தீர்க்கரேகைக்கும், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் அட்சரேகைக்கும் மைனஸ் கட்டாயம். சில தளங்கள் குறியைப் போடாமல் 'மேற்கு' என்று மட்டும் எழுதியிருக்கும். நகலெடுக்கும்போது அந்தச் சொல் உதிர்ந்துவிடும். பிறகு வரைபடத்தில் 40.64, 73.78 என்று தட்டிப் பார்த்தேன். கிர்கிஸ்தானில் ஓஷ் நகருக்குக் கிழக்கே மலைகளுக்கு நடுவே போய் நின்றது. தம்பியை அங்கேதான் இறக்கிவிட்டிருக்கிறேன்!

படி 2: எக்செல், லிப்ரே ஆபீஸ் இரண்டில் எது இருந்தாலும் போதும். கைப்பேசிக் கால்குலேட்டர் வேண்டாம். ஓர் எண் தவறினால் எல்லாவற்றையும் மறுபடி தட்ட வேண்டும். டிகிரிகளை ரேடியனாக (கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு) மாற்றுங்கள். இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி ஒரு கட்டத்தில் வையுங்கள். அவற்றின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கி இன்னொரு கட்டத்தில் வையுங்கள். இரண்டையும் கூட்டி, ஆர்க் கொசைன் (கொசைனிலிருந்து கோணத்தைத் திரும்பப் பெறும் கணக்கு) எடுத்து, பூமியின் ஆரமான 6,371 ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 15,340 கிலோமீட்டர் வரும். பூமி சரியான உருண்டை இல்லை என்பதால் சில கிலோமீட்டர் முன்பின் இருக்கும்.

படி 3: மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 17 மணி நேரம். ஏறி இறங்க அரை மணி கூட்டுங்கள். ஆனால் அட்டவணையில் 18 மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். நாம் கண்டுபிடித்தது பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையின் மேல் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி. அந்தக் கோடு வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. விமானமோ பெரும்பாலும் பசிபிக் கடல் வழியாகச் சுற்றிச் செல்கிறது. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், சுற்றினாலும் எரிபொருள் மிச்சம்.

படி 4: இறங்கும் நேரம். இரு ஊர்க் கடிகாரங்களை நேரடியாகக் கழிக்காதீர்கள். திங்கள் இரவு 11.30க்கு ஏறி, பதினெட்டரை மணி நேரம் பறந்தால் சிங்கப்பூரில் செவ்வாய் மாலை 6 மணி. நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அதில் அந்த 13 மணி நேரத்தைக் கழித்தால் நியூயார்க்கில் செவ்வாய் விடியற்காலை 5 மணி. டிக்கெட்டை மட்டும் பார்த்தால் ஐந்தரை மணி நேரப் பயணம்போல் தெரியும்.

பிற்சேர்க்கை: இந்தக் கணக்கை நம்பி ஏப்ரலில் உறவினரை அழைத்துவரப் போன வாசகர் ஒருவர், ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்க் காத்திருந்தாராம். பிழை என்னுடையதுதான். 13 மணி நேர வித்தியாசம் குளிர்காலத்துக்கு மட்டும். மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்கர்கள் கடிகாரத்தை முன்தள்ளி வைப்பதால், அப்போது 12 மணி நேரத்தைக் கழியுங்கள்.