வரப்புத் தேக்கு: அரிவாளைக் கீழே வையுங்கள்

காவிரிப் படுகையில் வாய்க்கால் கரைத் தேக்கைப் பார்த்து ஆசைப்பட்டு, வயல் வரப்பில் கன்று வைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் தன் மூன்று வயது மரங்களைக் காட்ட அழைத்துப்போனார். 1998இல் கன்று நட்டு நான் செய்த அதே கூத்து. தண்ணீர் விடுவது, மாடு கடிக்காமல் காப்பது பற்றியெல்லாம் எவரும் சொல்வார்கள், அதை விடுகிறேன். செய்யக்கூடாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கட்டை விட்டுக் கிளை கழிப்பது

தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி அரிவாளால் வெட்டிவிட்டு நகர்வது. என் எரிச்சல் முழுவதும் இதன்மேல்தான். ஐம்பது மரங்களை நானே இப்படிக் கழித்தேன். வரப்பு துப்புரவாகத் தெரிந்தது, பெருமையாகக்கூட இருந்தது. இருபது ஆண்டு கழித்து வந்த மர வியாபாரி, தண்டிலிருந்த புடைப்புகளைத் தடவிப் பார்த்து, “உள்ளே செத்த கணு, பலகை தேறாதுங்க” என்று பாதி விலை பேசினார். சண்டை போட்டேன். அறுவைப் பட்டறையில் முதல் பலகை விழுந்தபோது கணு தனியே கழன்று உருண்டது. அந்த இடத்தில் ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை. அதன்பிறகு எந்த வாயால் பேசுவது?

விட்ட கட்டை காய்ந்து செத்துவிடுகிறது. மரம் ஆண்டுதோறும் பருத்து அதை உள்ளே விழுங்குகிறதே தவிர, அதனோடு ஒட்டுவதில்லை. மூடும்வரை பூஞ்சைக்கு அதுவே வாசல்.

கிளை கட்டைவிரல் பருமன் இருக்கும்போதே, இலையுதிர்ந்த காலத்தில், கைரம்பத்தால் அறுங்கள். தண்டோடு சேருமிடத்தில் கழுத்துப்பட்டை போல ஒரு வீக்கம் இருக்கும். அதைத் தொடாமல், அதை ஒட்டி வெளியே அறுக்க வேண்டும். கிளை பருத்துவிட்டதா? முதலில் சற்றுத் தள்ளி அடிப்பக்கம் கால்வாசி அறுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கும் கொஞ்சம் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கிவிட்டு, மிச்சக் கட்டையைக் கடைசியில் எடுங்கள். இல்லையென்றால் பட்டை தண்டு நெடுகக் கிழியும். உச்சிக்குடுமி மட்டும் விட்டு மொட்டையடிப்பவர்களும் உண்டு. மரம் பருக்காது; தண்டெங்கும் துளிர் வெடித்து அவையும் கணுவாகும். உயரத்தில் பாதியாவது தழை நிற்கட்டும்.

கிழக்கு மேற்கு வரப்பு

சம்பா விளையும் மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். கிழக்கு மேற்காக வரிசை வைத்தால் வடபக்க நெல் பகல் முழுவதும் நிழலில் கிடக்கும். தெற்கு வடக்கு வரப்பென்றால் காலை ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம்.

வரப்பில் தைலமரம்

வேண்டாம்.

கூடு இருக்கும் கிளை

குஞ்சு பறக்கட்டும். வயலில் பூச்சி பிடிப்பது கரிச்சான்தான்.

பொந்து மரத்தை விற்பது

மூலையில் நின்ற கிழட்டு இலுப்பைப் பொந்தில், எலி தின்னும் கூகை ஆந்தை குடியிருந்தது. பலகைக்கு ஆகாது என்று விறகு விலைக்குத் தள்ளிவிட்டேன். அடுத்த போகத்தில் எலி வெட்டு. கிட்டி என்கிற எலிப்பொறி வைக்க ஆள் தேடி அலைந்தேன். இப்போது நடவு முடிந்ததும், ஆந்தை உட்காரட்டும் என்று நானே வயல் நடுவே தென்னை மட்டை நட்டுக்கொண்டிருக்கிறேன்.