மதுரை வெயில்ல லவ் பேர்ட்ஸ் வளக்குறது எப்படி

முதல்ல ஒண்ணச் சொல்லிர்றேன். மீனாட்சி அம்மன் கையில இருக்குற பச்சைக்கிளி மேல ஆசைப்படாத மதுரைக்காரங்க இருக்க முடியாது, ஆனா அந்தக் கிளிய வீட்ல வளக்கக் கூடாதுங்க, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம், இறக்கைய வெட்டிக் கூண்டுல போட்டு யாராச்சும் கொண்டாந்து வித்தாலும் வாங்காதீங்க. வளக்கணும்னா பட்ஜீஸ் வாங்குங்க, கடைல லவ் பேர்ட்ஸ்னு குடுப்பாங்களே, அதேதான். ஆஸ்திரேலியா பறவை. நல்லா பாத்துக்கிட்டா 5ல இருந்து 10 வருசம் கூட இருக்கும், ஆனா நம்ம பக்கம் நிறைய வீடுகள்ல ஒரு கோடைய தாண்டுறதில்ல, நான் பாத்த வரைக்கும் வெயிலும் புகையும் வெறும் தினைய மட்டும் போட்டு வளக்குறதும்தான் காரணம்.

வாங்கும்போது நெத்தியப் பாருங்க. குஞ்சா இருந்தா மூக்கு வரைக்கும் வரி வரியா இருக்கும், 3, 4 மாசம் ஆனா அந்த வரி போயிரும், கைக்குப் பழகணும்னா வரி இருக்குறதையே எடுங்க. பெருசுல பொதுவா ஆணுக்கு மூக்குக்கிட்ட இருக்குற சதை நீலமா இருக்கும், பொண்ணுக்கு பழுப்பு. வாலுக்கு அடியில எச்சம் ஒட்டிக் கெடந்தா அந்தக் கூண்டுலயே எதையும் வாங்காதீங்க.

கூண்டு உசரமா இருக்கணும்னு இல்ல, நீளமா இருக்கணும், குறுக்கால பறக்குற பறவை இது. ரெண்டு குருவிக்கு ரெண்டடி நீளமாவது வேணும், கம்பிக்கு கம்பி அரை இஞ்ச்சுக்கு மேல இடைவெளி வேண்டாம், தலை மாட்டிக்கிரும். உக்கார பிளாஸ்டிக் குச்சி குடுப்பாங்க, அத எடுத்துட்டு கொய்யாக் கொம்போ வேப்பங்கொம்போ ஒண்ணு தடிமனா ஒண்ணு மெல்லிசா கழுவி வைங்க, ஒரே சைசு குச்சியிலயே உக்காந்தா கால் புண்ணாயிரும்.

இப்ப வெயில். பங்குனி பாதியில ஆரம்பிச்சு அக்னி நட்சத்திரம் முடியுற வரைக்கும் 40 டிகிரி நமக்குப் புதுசு இல்ல, மொட்டை மாடி தகர ஷெட்டுல கூண்ட வச்சா மத்தியானம் அடுப்பு மாதிரி ஆயிரும். கீழ, நிழலா, காத்து வர்ற எடத்துல வைங்க, மேற்கு வெயில் விழுற பால்கனி வேண்டவே வேண்டாம். கூண்டோட ஒரு பக்கத்துல மட்டும் ஈரச்சாக்க தொங்கவிடுங்க, நாலு பக்கமும் மூடுனா புழுங்கிச் செத்துப்போகும். வாயத் தொறந்து மூச்சு வாங்கிக்கிட்டு இறக்கைய உடம்புல ஒட்டாம தள்ளி வச்சுக்கிட்டு நிக்குதுன்னா சூடு தாங்கலன்னு அர்த்தம், உடனே குளிர்ச்சியான எடத்துக்கு மாத்தி சாதா தண்ணிய லேசா ஸ்பிரே பண்ணுங்க, ஐஸ் தண்ணி கூடாது. தண்ணிக் கிண்ணத்த கோடைல காலையிலயும் மத்தியானமும் மாத்துங்க. வெளிய பறக்கவிட்டா ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஜன்னல சாத்திட்டுத்தான் கூண்டத் தொறக்கணும்.

புகை விசயம் நிறைய பேருக்குத் தெரியாது. பறவையோட மூச்சு அமைப்பு நம்மள மாதிரி இல்ல, காத்துல என்ன இருந்தாலும் சீக்கிரம் உள்ள போயிரும். கொசுவத்திச் சுருள், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, எல்லாத்தையும் விட மோசம் அடுப்புல காய்ஞ்சு போற நான்ஸ்டிக் தவா, அந்தக் காத்து நமக்கு தெரியவே தெரியாது, குருவி கொஞ்ச நேரத்துல செத்துரும். அடுப்படிப் பக்கம் கூண்டே இருக்கக் கூடாது. தீபாவளி ராத்திரி உள் ரூம்ல வச்சு ஒரு பக்கம் துணிய போட்டுவிடுங்க.

சாப்பாட்டுக்கு தினை, சாமை, கம்பு கலந்து வைங்க, கீழமாசி வீதில மொத்தமா வாங்கிக்கலாம். கிண்ணம் நெறஞ்சு இருக்கேன்னு ஏமாந்துராதீங்க, குருவி தோல உரிச்சுப்போட்டு உள்ள இருக்குறத மட்டும்தான் திங்கும், தினமும் காலையில கிண்ணத்த எடுத்து ஒரு ஊது ஊதுங்க, உமி பறந்துபோனப்புறம் அடியில என்ன மிச்சம்னு அப்பத்தான் தெரியும். வெறும் தானியத்துல கொழுப்பு கூடும், வைட்டமின் ஏ கிடைக்காது, அதனால முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவுன கேரட் தினமும் கொஞ்சம் குடுங்க. நல்லா கழுவி தண்ணி சொட்டச் சொட்ட கட்டித் தொங்கவிட்டுப் பாருங்க, திங்கிறதுக்கு முன்னாடி அந்த ஈர இலைக்குள்ள தலைய விட்டு உடம்பத் தேய்ச்சு குளிக்கும், பாக்க அவ்ளோ அழகா இருக்கும். கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடைல கடல் நுரை கேட்டா குடுப்பாங்க, அதுதான் கணவா ஓடு, கம்பில மாட்டுங்க. பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காபி, வெங்காயம், உப்புப் போட்டது எதுவும் வேண்டாம்.

கூண்டுல கூட்டுக்குன்னு பானைய மாட்டிவிட்டா முட்டை வைக்க ஆரம்பிச்சிரும், 18 நாள்ல பொரிக்கும், ஆனா சும்மா சும்மா முட்டை வச்சா பொண்ணு ஒடம்பு தேய்ஞ்சு போகும், முட்டை உள்ளயே சிக்கிச் செத்துப்போறதும் உண்டு. குஞ்சு வேணாம்னா பானையே வேணாம்.

பழக்குறதுக்கு அவசரப்படக் கூடாது. துரத்திப் புடிக்காதீங்க, தினைக் கதிர கையில புடிச்சுக்கிட்டு கூண்டுக்குள்ள ஆடாம வைங்க, அது தானா வரும். ராத்திரி 10 மணி நேரமாவது இருட்டா அமைதியா தூங்கவிடுங்க, டிவி ஓடுற ஹால்ல தூங்காது.

குருவி நோவ மறைக்கும், வெளிய தெரியுறப்ப பாதி முத்திப்போயிருக்கும். பகல்லயே உப்பிக்கிட்டு உக்காந்திருக்கிறது, மூச்சு விடும்போது வால் மேல கீழ ஆடுறது, கூண்டு தரையில உக்காருறது, எச்சம் தண்ணியா போறது, இதுல ஒண்ணு பாத்தாலும் அன்னைக்கே கால்நடை டாக்டர்கிட்ட கொண்டுபோங்க. அலகச் சுத்தி சுண்ணாம்பு பூசுனாப்ல பொருக்கு வந்தா பெரும்பாலும் பூச்சி, மருந்துக்கு கேக்கும், எண்ணெய் மஞ்சள்னு நீங்களா பூசாதீங்க. புதுசா குருவி வாங்குனா பழசு கூட உடனே விடாம ஒரு மாசம் வேற ரூம்ல தனிக் கூண்டுல வச்சுட்டு அப்புறம் சேருங்க.