ஆண்டவரிடம் வீட்டுத் தமிழில் பேசுவது எப்படி?

ஜெபம் பண்ண எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். குடும்ப ஜெபத்தில் அப்பா "இன்னைக்கு நீ ஜெபி" என்றால் போதும், "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரலோக பிதாவே, இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்" என்று தொடங்கி "இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்" வரைக்கும் தடங்கல் இல்லாமல் போய்விடுவேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகுதான், அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் இத்தனை வருடமாக என்னைப் பற்றி ஆண்டவரிடம் எதுவுமே சொன்னதில்லை என்று புரிந்தது.

அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான். ராத்திரி இரண்டு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், விடியற்காலையில் கஞ்சி காய்ச்ச வேண்டும். அண்ணன் மாதத்துக்கு ஒரு போன் பேசுவான். நான் தினமும் "அம்மாவை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம், எங்கள் குடும்பத்தின் சமாதானத்துக்காக ஸ்தோத்திரம்" என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். உள்ளே சமாதானம் துளிகூட இல்லை. ஒருநாள் அடுப்படியில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது "ஆண்டவரே, எனக்கு முடியல. அண்ணன்மேல எனக்கு அவ்வளவு கோபம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஆமென்கூடச் சொல்லவில்லை. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று என் மனசுக்கு நிச்சயமாகத் தெரிந்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன். விசுவாசமுள்ள வீட்டில் பிறந்தும் ஜெபம் உலர்ந்துபோய் இருப்பவர்களுக்கு இது உதவும்.

நேரம் ஒதுக்குவது, வேதத்தைத் திறப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

முதலில், ஒரு நோட்டு

சாதாரண பள்ளிக்கூட நோட்டு போதும். போனில் எழுதாதீர்கள், இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். போனைக் கையில் எடுத்த இரண்டாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் இருப்போம். வேதாகமமும் அச்சுப் புத்தகமாக இருப்பது நல்லது. ஜெபக் குறிப்பு அட்டவணை, யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்ற பட்டியல் எல்லாம் நல்லதுதான், ஆனால் தொடக்கத்தில் வேண்டாம். பட்டியல் கையில் இருந்தால் அடுத்தவர்களுக்காகவே ஜெபித்து முடித்துவிட்டு, நம்மைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துவிடுவோம்.

உள்ளதை எழுதுங்கள், ஒரே ஒரு வரி

இன்றைக்கு மனதில் எது கனமாகக் கிடக்கிறதோ, அதை அம்மாவிடமோ நெருங்கிய தோழியிடமோ சொல்கிற மாதிரி எழுதுங்கள். "குடும்பப் பிரச்சினைகள்" என்று எழுதினால் அது கணக்கில் வராது. "அவர் சம்பளத்தை எங்கிட்ட மறைக்கிறார்" என்று எழுதுங்கள். "பலவீனங்கள்" என்று எழுதாதீர்கள், என்ன பலவீனம் என்று எழுதுங்கள்.

சபைத் தமிழை இறக்கி வையுங்கள்

என்னைப் பல மாதம் தடுத்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம்மில் நிறையப் பேர் வாசிக்கிற தமிழ் வேதாகமம், பழைய திருப்புதல் என்கிற மொழிபெயர்ப்பு, 1871ல் வந்தது. அந்தத் தமிழ் எனக்கு உயிர், சங்கீதங்களை வேறு நடையில் என்னால் வாசிக்கவே முடியாது. ஆனால் "கிருபை பாராட்டியருளும்", "அநுக்கிரகம் செய்தருளும்" என்று பேச ஆரம்பித்தவுடனே என் மனசு ஞாயிற்றுக்கிழமைப் புடவை கட்டிக்கொண்டுவிடும். அந்தப் புடவையில் நின்றுகொண்டு "அண்ணன்மேல கோபம்" என்று சொல்ல வாய் வராது, "சகோதர ஐக்கியத்தைத் தந்தருளும்" என்றுதான் வரும். அப்படிச் சொன்னவுடனே கோபம் பேச்சிலிருந்து காணாமல் போய்விடும், நெஞ்சில் மட்டும் இருக்கும்.

ஆகவே தனி ஜெபத்துக்கு வீட்டுத் தமிழ்தான். "நீர்" என்று வராவிட்டால் "நீங்க" என்று சொல்லுங்கள். ஆண்டவரை "நீங்க" என்று கூப்பிடுவது மரியாதைக் குறைவு என்று எனக்கும் முதலில் பயம் இருந்தது. என் அப்பாவை நான் "நீங்க" என்றுதான் கூப்பிடுகிறேன், அதில் மரியாதை எங்கே குறைந்தது? பரலோகத்தில் இருக்கிறவரையும் அப்பா என்று கூப்பிடத்தானே இயேசு கற்றுக்கொடுத்தார். சபையில் ஜெபிக்கும்போது சபையின் மொழியிலேயே ஜெபியுங்கள், அதற்கு அதன் அழகு உண்டு.

வார்த்தையே வராத நாளில் சங்கீதத்தைக் கடன் வாங்குங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் மட்டும் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" நான் இப்படிக் கேட்டால் விசுவாசம் இல்லாதவள் என்பார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன், தாவீதின் சங்கீதத்திலேயே அது பச்சையாக எழுதியிருக்கிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே, கடைசி வசனம்கூட ஆறுதல் இல்லாமல்தான் முடிகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தக் கடைசி வசனத்திலேயே நின்றுவிட்டு எழுந்துபோன நாட்கள் எனக்கு உண்டு.

"உம்முடைய சித்தம்" என்பதற்கு அவசரப்படாதீர்கள்

நம் வீடுகளில் கஷ்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "எல்லாம் உம்முடைய சித்தத்தின்படி ஆகட்டும்" என்று மூடிவிடுகிற பழக்கம் இருக்கிறது. நானும் அதைத்தான் செய்தேன், தாழ்மை என்று நினைத்துக்கொண்டு. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு எந்த வரிசையில் ஜெபித்தார் என்று மத்தேயு 26ல் பாருங்கள். "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்பது முதலில், "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்பது அதற்குப் பிறகு. அதையும் ஒருமுறையோடு விடவில்லை, மூன்று முறை போய் ஜெபித்தார். வேண்டியதைக் கேட்காமலே விட்டுக்கொடுத்தால், எதை விட்டுக்கொடுத்தோம் என்பதே நமக்குத் தெரியாது. அதனால் நோட்டில் "எனக்கு இது வேணும்" என்று முதலில் எழுதுங்கள். எனக்கு வேண்டியிருந்தது அம்மா எழுந்து நடக்க வேண்டும் என்பது, அண்ணன் ஒரு வாரமாவது வந்து இருக்க வேண்டும் என்பது, ஒரு ராத்திரி முழுசாகத் தூங்க வேண்டும் என்பது. மூன்றாவதை எழுதக் கூச்சமாக இருந்தது, ஆனால் உண்மையில் அதுதான் பெரிசாக இருந்தது. "ஆகிலும்" என்ற வார்த்தை எனக்கு வந்து சேர நான்கு மாதம் ஆனது.

சொன்ன பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள்

குரல் எதுவும் கேட்க வேண்டியதில்லை. எதுவும் தோன்றாவிட்டால் அதையும் எழுதிவிட்டு எழுந்திருங்கள். பிள்ளை இல்லாமல் ஏங்கிய அன்னாளைப் பாருங்கள். உதடு மட்டும் அசைய அழுதுகொண்டு ஜெபித்தவளை ஆசாரியன் ஏலியே குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தான். அவளோ போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் முகம் துக்கமாய் இருக்கவில்லை என்று 1 சாமுவேல் முதல் அதிகாரம் சொல்கிறது. பிள்ளை அப்போது இன்னும் கருவில்கூட இல்லை.

அம்மா நடக்கவில்லை. போன வருடம் ஆண்டவரிடம் போய்விட்டார்கள். அதைப் பற்றியும் அவரிடம் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன், நோட்டில் பல பக்கம் இருக்கிறது. இப்போதும் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், முன்னைவிட அதிகமாக.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துவிட்டுப் பலர் கேட்டிருந்தார்கள், முக்கியமானவை மட்டும்.

ஒரு தங்கையின் நோட்டை மாமியார் எடுத்துப் படித்து வீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கள் தனித்தாளில் எழுதி, ஜெபித்து முடித்ததும் கிழித்துப் போடுங்கள். பெயருக்குப் பதில் ஒரு எழுத்து போதும்.

"எழுதி எழுதி இன்னும் பாரம்தான் கூடுகிறது, தூக்கம் இல்லை, செத்துவிடலாம் போல் இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குத் தனியாகப் பதில் அனுப்பினேன், எல்லாருக்கும் இங்கே சொல்கிறேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, கர்த்தர் அவரைத் திட்டவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார். பேச்சு அதற்கெல்லாம் பிறகுதான். இப்படி ஒரு நிலையில் இருந்தால் இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம், ஜெபிக்கும்போது "அறைவீட்டுக்குள் பிரவேசித்து உன் கதவைப் பூட்டி" என்று இயேசு சொன்னால் எங்கே போவது என்று ஒரு அக்கா கேட்டிருந்தார்கள். எனக்கும் அம்மா படுத்திருந்த காலத்தில் தனி அறை கிடையாது, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் உட்காருவேன். அந்த அக்கா இப்போது காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னல் ஓர சீட்டில், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஜெபிக்கிறார்களாம். 35 நிமிடம் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.