பச்சைத் துணியில் ஒகேனக்கல்

தர்மபுரியில் எங்கள் மொட்டை மாடியில் பச்சைத் துணி கட்டி, ஒகேனக்கல் அருவி முன்னால் நிற்பதுபோல் ஒரு குறும்படக் காட்சி எடுத்தோம். கணினியில் அந்தப் பச்சையை நீக்கி அருவிக் காட்சியைப் பின்னணியாக வைத்தால் நாயகனின் தோளிலும் முடி ஓரத்திலும் பச்சை ஒட்டிக்கொண்டே வந்தது. துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் காரணம். ஆளை ஏழெட்டு அடி முன்னால் நிறுத்தி, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, அதற்கென்றே இரண்டு பக்கமும் எல்இடி விளக்கு வைத்தோம். முக்கால்வாசித் தொல்லை அதிலேயே தீர்ந்தது. மிச்சத்தை டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே சரிசெய்தேன்.

ஆனாலும் வெட்டி ஒட்டின படம் மாதிரி இருந்தது. அருவிக் காட்சியில் வெயில் இடப்பக்கம் விழுந்திருந்தது. ஆளுக்கும் இடப்பக்கமே பெரிய விளக்கு வைத்து, கேமராவையும் அருவியை எடுத்தபோது வைத்த உயரத்துக்கே இறக்கி மறுபடி எடுத்தோம். சரியாக உட்கார்ந்தது. கிளிப்பச்சைப் புடவையில் நடிக்க வந்த அத்தையிடம் துணியோடு புடவையும் மறைந்துவிடும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தி வேறு புடவை மாற்றவைத்ததுதான் பெரிய வேலை.