'கெட்' என்ற சொல் பிடிபடுவதற்கு ஒரு வழி

இங்கிலாந்து மருத்துவமனைகளில் வேலைக்குப் போகவிருக்கும் செவிலியர்களுக்கு நான் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நோய்களின் பெயர், மருந்துகளின் பெயர் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தடுமாறுவது 'கெட்' என்ற சின்னச் சொல்லில்தான். அங்கே நோயாளிகள் பேச்சுக்குப் பேச்சு அதைத்தான் சொல்வார்கள். அகராதியில் இருக்கும் பொருள்களை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். வேண்டிய நேரத்தில் ஒன்றும் ஞாபகத்துக்கு வராது.

நம்முடைய 'அடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறோம், வெயில் அடிக்கிறது. முன்னால் வரும் சொல்லே பொருளைக் காட்டிவிடுகிறது. 'கெட்'டுக்குப் பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள், அவ்வளவுதான்.

பின்னால் ஒரு பொருள் வந்தால், பெறுவது அல்லது கொண்டுவருவது. 'கேன் யூ கெட் மீ சம் வாட்டர்?' என்றால் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவர முடியுமா என்று கேட்கிறார். ஓர் இடம் வந்தால் போய்ச் சேருவது: 'ஐ காட் ஹோம் அட் சிக்ஸ்', ஆறு மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன் ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகாலம்). ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால் அப்படி ஆவது: கெட் டயர்ட், கெட் பெட்டர். ஓர் ஆளும் அடுத்து 'டு'வும் வந்தால், பேசி இணங்க வைப்பது. 'ட்ரை டு கெட் ஹிம் டு ஈட்' என்று மூத்த செவிலியர் சொன்னால், எப்படியாவது அவரைச் சாப்பிட வையுங்கள் என்று அர்த்தம்.

இப்போது ஒரு முதியவர் சொல்கிறார்: 'ஐ கெட் டிஸி வென் ஐ கெட் அவுட் ஆஃப் பெட்.' முதல் 'கெட்'டுக்குப் பின்னால் 'டிஸி', அதாவது தலைசுற்றல் வருகிறது. இரண்டாவதற்குப் பின்னால் 'அவுட் ஆஃப் பெட்', கட்டிலை விட்டு எழும்போது. இதைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தால், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கே தோன்றிவிடும்.

அப்புறம் 'அப்', 'டவுன்', 'ஆன்', 'ஓவர்' போன்ற குட்டிச் சொற்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 'திஸ் பெயின் இஸ் கெட்டிங் மீ டவுன்' என்று ஒருவர் சொன்னால், 'டவுன்' காதில் விழுந்ததும் கீழே விழுந்துவிட்டாரோ என்று நினைப்போம். அப்படி இல்லை. இந்த வலி என் மனசையே சோர வைக்கிறது என்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு நகராதீர்கள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று உட்கார்ந்து கேளுங்கள். வலிக்கு மேல் ஒன்றைச் சொல்ல வருகிறார் அவர். 'ஐ ஆம் கெட்டிங் ஆன் எ பிட்' என்றால் வயசாகிறது என்று பொருள். 'கெட் ஓவர்' என்றால் நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது. அதே சொற்களோடு 'வித்' சேர்ந்து 'லெட்ஸ் கெட் இட் ஓவர் வித்' என்றால், ஊசியைப் போட்டு முடித்துவிடுங்கள் என்கிறார்.

பயணத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பஸ், ரயில், விமானம் என்றால் கெட் ஆன், கெட் ஆஃப். கார் என்றால் கெட் இன், கெட் அவுட். நாம் சொல்லும் 'கெட் டவுன் அட் தி நெக்ஸ்ட் ஸ்டாப்' அங்கே விநோதமாக ஒலிக்கும்.

'ஃபர்கெட்'டும் இதே வேரில் பிறந்த சொல்தான். 'காட்' போலவே 'கெட்'டிலிருந்து வரும், அமெரிக்கர்கள் சொல்லும் 'காட்டன்' (gotten) புதிதாக வந்தது இல்லை. பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்த பழைய வடிவம் அது. நீங்கள் போகும் இடத்தில் 'காட்' போதும்.

எழுத்தில் மட்டும் கையை இழுத்துப் பிடியுங்கள். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி-யில் (OET) செவிலியர்கள் எழுதும் கடிதத்தில் 'ஹீ காட் பெட்டர்' வேண்டாம், 'ஹிஸ் கண்டிஷன் இம்ப்ரூவ்ட்' என்று எழுதுங்கள். 'காட் தி ரிப்போர்ட்' இருக்கும் இடத்தில் 'ரிசீவ்ட்' போடுங்கள். கட்டிலருகே நோயாளியிடம் பேசும்போது அந்த 'ரிசீவ்'வை விட்டுவிட்டு, 'ஐ வில் கெட் யூ எ பிளாங்கெட்' என்று சொல்லிப் போர்வையை எடுத்து வாருங்கள்.