ஊதாத குப்பி: கிரேக்க அலபாஸ்ட்ரான் செய்முறை

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கிரேக்கர்கள் வாசனை எண்ணெய் வைத்த கண்ணாடிக் குப்பிகளை யாரும் ஊதிச் செய்யவில்லை. கண்ணாடி ஊதும் வித்தை பிறந்ததே கி.மு. முதல் நூற்றாண்டில்தான். கம்பி நுனியில் மண்ணைப் பிடித்து, அதன்மேல் உருகிய கண்ணாடியை ஏற்றி, ஆறியபின் மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அலபாஸ்ட்ரான் எனப்படும் இந்த ஒடுங்கிய வாசனை எண்ணெய்க் குப்பி, பழையது, ஏறக்குறைய 10 செ.மீ. உயரம் இருக்கும். மேசையில் பொருத்திய டார்ச்சின் தீயில் முதல்முறை செய்பவர் 5 செ.மீ.யோடு நிறுத்திக்கொள்ளட்டும், அதற்கு மேல் போனால் ஒரு முனையைக் காய்ச்சும்போது மறுமுனை ஆறிவிடும்.

குப்பி உடைந்தால் கண்ணாடியைத்தான் திட்டுவோம். பெரும்பாலும் குற்றம் மண்ணில் இருக்கும். களிமண் 1 பங்கு, சன்ன மணல் 2 பங்கு, காய்ந்து சலித்த குதிரைச் சாணம் 1 பங்கு. சாணம் எரிந்துபோன இடமெல்லாம் நுண்துளையாகும். ஆறும்போது கண்ணாடி மண்ணைவிட அதிகமாகச் சுருங்கும். துளை விழுந்த மண் நொறுங்கி இடம் கொடுக்கும். வெறும் களிமண் கொடுக்காது, குப்பிதான் பிளக்கும்.

3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியில் கண்ணாடிப் பாசிமணி செய்வோர் கம்பியில் ஒட்டாமலிருக்கப் பயன்படுத்தும் பிரிப்புக் களிம்பைப் பூசி, அதன்மேல் மண்ணை விரல் பருமனுக்கு, அடி உருண்டையாகப் பிடியுங்கள். கழுத்தை ரொம்பவும் ஒடுக்க வேண்டாம், பிறகு சுரண்டும் கருவி நுழையாது. நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, சூளையில் மெதுவாகச் சூடேற்றிச் சாணம் முழுக்க எரியும்வரை சுடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் நீராவி கண்ணாடியைக் கிளப்பிவிடும்.

கண்ணாடிக் குச்சிகள் எல்லாம் ஒரே விரிவுக் குணகம் (சூட்டில் எவ்வளவு விரியும் என்பதைச் சொல்லும் எண்; இங்கே 104) உள்ளவையாக இருக்கட்டும். நீலத்தை 104இலும் மஞ்சளை 90இலும் வாங்கினால் மறுநாள் காலையில் விரிசல் நிச்சயம். மண் மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, கோபால்ட் நீலத்தை அடியிலிருந்து மேலாகச் சுற்றுங்கள். கிராஃபைட் பலகையில் உருட்டி, எங்கும் 3 மி.மீ. கனத்துக்குச் சமன் செய்யுங்கள்.

அடுத்தது அழகான கட்டம். மஞ்சள், வெள்ளை, பசுநீல இழைகளை 2 மி.மீ. தடிப்பில் வளையம் வளையமாகச் சுற்றி, உருட்டி அமுக்குங்கள். மேற்பரப்பை மட்டும் இளக்கி, எஃகு ஊசியால் கீழிருந்து மேலாகக் கோடு இழுங்கள். ஒரே திசையில் இழுத்தால் தோரணம்; ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி இழுத்தால் இறகு. ஊசி ஆழப் பாய்ந்தால் நீலமும் சேர்ந்து வந்து கோடு அழுக்காகும். ஒட்டிக்கொண்டால் ஊசி சூடேறிவிட்டது என்று அர்த்தம். தண்ணீரில் தோய்த்து, துடைத்துவிட்டுத் தொடருங்கள். தீயில் ஆக்சிஜன் குறைந்தால் பசுநீலத்தில் செம்புச் சிவப்பு படரும்.

கடைசியாக, தட்டுப்போல் அகன்ற விளிம்பும் தோளில் இரண்டு குட்டிக் காதுகளும். காது வைக்குமிடத்தை முதலில் சிவக்கக் காய்ச்சுங்கள்.

உடனே 515 டிகிரி செல்சியஸ் சூளையில் ஒரு மணி நேரம். பிறகு மணிக்கு 30 டிகிரி வீதம் 370க்கு இறக்கி, சூளையை அணைத்துத் தானாக ஆறவிடுங்கள். உள்ளிருக்கும் மண் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும் என்பதால் அவசரம் ஆகாது.

ஆறியதைத் தண்ணீரில் ஊறவைத்து, கம்பியைத் திருகி உருவி, வளைந்த கம்பியால் மண்ணைச் சுரண்டுங்கள். ஈரமாகவே சுரண்டுங்கள், மணல் தூசி நுரையீரலுக்கு ஆகாது. உட்புறம் சொரசொரப்பாகத்தான் இருக்கும், அருங்காட்சியகக் குப்பிகளும் அப்படியே. அடி உருண்டை என்பதால் மேசையில் நிற்காது. சின்ன வளையத் தாங்கி ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள்.